உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?

அறிமுகப் படலங்களில் தவறாமல் வரும் கேள்வி இது. ஊர் எது, எந்தப் பள்ளி, பொழுதுபோக்கு என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவார்கள். "புத்தகம் படிப்பது" என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த கேள்வி தயாராக நிற்கும். பிடித்த எழுத்தாளர் யார்?

கேட்பதற்கு மிகச் சாதாரணமான கேள்விதான். ஆனால் இதற்கு உண்மையான பதில் சொல்கிறவர்கள் குறைவு. கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் பதில் வரும். தமிழ்ப் பேராசிரியர் கேட்டால் மு.வ., சீனியர் கேட்டால் சுஜாதா, வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்டால் அப்துல் கலாம், ஆங்கிலம் சரளமாகப் பேசும் தோழி கேட்டால் பாலோ கொய்லோ. இவர்களில் ஒருவரைக்கூடப் படிக்காமல் இந்த நான்கு பதில்களையும் சொல்லிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள பெரிய வசதி!

வணிகவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு கணக்கு உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். பிடித்த எழுத்தாளர் என்று சொல்லப்படும் பெயரும் பலருக்கு அப்படிப்பட்ட சொத்துதான். எழுதியவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்பவருடைய மதிப்பைக் கூட்டுகிறதா இல்லையா என்பதுதான் கணக்கு.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் நிஜமாகவே படிக்கிறவருக்குத்தான்.

சிறிய ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். பள்ளி நாட்களிலேயே பேருந்து நிலையக் கடையில் தொங்கும் பாக்கெட் நாவல்களை வாங்கி வாங்கிப் படித்தவள். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அதில் நூறாவது இவள் முடித்திருப்பாள். வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்த ரமணிசந்திரன் நாவல்களை அத்தைக்கும் சித்திக்கும் எடுத்துப்போய்க் கொடுத்து, கொடுப்பதற்கு முன் தானும் படித்தவள். எண்ணிக்கையில் பார்த்தால் வகுப்பிலேயே அதிகம் படித்த ஆள் அவளாகத்தான் இருக்கும். ஆனால் கேன்டீன் மேஜையில் கொய்லோவும் சேத்தன் பகத்தும் உருளும்போது அவள் சொல்லும் பதில் என்ன தெரியுமா? "நான் அப்படி ஒண்ணும் படிக்கறதில்லை."

அந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. தான் படித்ததைச் சொல்லாதவருக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதை பிடித்தவளுக்கு சுஜாதாவின் கணேஷ் வசந்த் பிடிக்கலாம், சுஜாதாவைப் பிடித்துக்கொண்டே போனால் அவர் கணையாழியின் கடைசிப் பக்கங்களில் சொல்லிக்கொண்டே இருந்த கவிஞர்கள் வரை போகலாம். அந்தப் படிகளில் ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். மேஜையில் இருந்தவர்கள் யாரும் அந்த ஆளாக இல்லை. மூன்றாம் ஆண்டு வருவதற்குள் அவள் படிப்பதையே நிறுத்தியிருப்பாள். இப்படி நின்றுபோனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பாவத்தில் 'தீவிர இலக்கிய'க்காரர்களுக்கு மட்டும்தான் பங்கு என்று நினைக்க வேண்டாம். எதிர்க்கட்சியும் சளைத்ததல்ல. அசோகமித்திரன் பிடிக்கும் என்று ஒரு பையன் சொன்னால், "அதுல என்னடா இருக்கு, ஒண்ணுமே நடக்காதே" என்று சிரித்து அவனை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் வேறு முறைகளும் இருந்திருக்கின்றன. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் நடந்த வட்டத்தொட்டி அதில் ஒன்று. டி.கே. சிதம்பரநாத முதலியார் சட்டம் படித்தவர், ஆனால் வாழ்நாளெல்லாம் வாதாடியது கம்பனுக்காகத்தான். வட்டமான தொட்டிக்கட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடியதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். கல்கி, ராஜாஜி என்று பெரிய பெரிய ஆட்கள் டி.கே.சி.யின் நண்பர்களாக இருந்தார்கள். ஆனால் அங்கே யார் வந்தார்கள் என்பதைவிட என்ன நடந்தது என்பதுதான் முக்கியம்.

கம்பன் பெரிய கவி என்று அங்கே யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். அதைப் பாடுவது போலச் சொல்வார். திரும்பச் சொல்வார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் தாழ வேண்டும், அந்த இடத்தில் அந்தப் பாத்திரத்தின் மனம் என்ன பாடுபடுகிறது என்று ஒரே பாட்டிலேயே நெடுநேரம் நிற்பார். கம்ப ராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் பாடல்கள் இருக்கின்றன. ஒரு மாலைக்கு ஒன்றிரண்டு போதும் என்பதுதான் அங்கே கணக்கு. கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும்போது கம்பனைப் பற்றிய அபிப்பிராயத்தோடு போகவில்லை, கம்பனின் ஒரு பாட்டோடு போனார்கள்.

டி.கே.சி. சொன்னதெல்லாம் சரி என்பதல்ல. தமக்குக் கவிச்சுவை குறைவாகத் தெரிந்த பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கியதும், சில இடங்களில் பாடத்தையே திருத்தியதும் புலவர்களைக் கோபப்படுத்தின. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. பழைய நூலில் கை வைக்க ரசனை மட்டும் போதாது, ஏட்டுச்சுவடி ஆதாரமும் வேண்டும். ஆனால் கவனியுங்கள், அந்தச் சண்டைகூட 'இந்தப் பாட்டு கம்பன் பாடியதா இல்லையா' என்ற சண்டை. நூலைத் திறக்காமல் அந்தச் சண்டையில் ஒருவர் கலந்துகொள்ளவே முடியாது. இன்று நடக்கும் எழுத்தாளர் சண்டைகளில் பாதிக்கு அந்தத் தொந்தரவே கிடையாது!

சண்டை என்றதும் பாரதி சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1930களின் நடுவில் நடந்தது. பாரதியோடு பழகியவரும் அவர்மீது உயிரையே வைத்திருந்தவருமான வ.ரா., பாரதியை உலக மகாகவிகளுக்கும் மேலாக வைத்துப் பேசினார். அப்போது ஆனந்த விகடனில் இருந்த கல்கி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாரதி நல்ல கவி, தேசிய கவி, அதற்காக ஷேக்ஸ்பியருக்கும் தாகூருக்கும் மேலே தூக்கி வைப்பதா என்பது அவர் பக்கம். பாரதி இறந்து பதினைந்து வருடம்கூட ஆகாத காலம். இரண்டு பக்கமும் சூடாகவே எழுதினார்கள். சொற்கள் தடித்தன.

இன்றைய வழக்கப்படி என்ன நடந்திருக்க வேண்டும்? இரண்டு கோஷ்டி பிரிந்து, ஒருவரை ஒருவர் நாலு நாள் திட்டிவிட்டு, ஐந்தாம் நாள் வேறு விஷயத்துக்குப் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியின் பக்கம் நின்று கட்டுரைகள் எழுத, அவை 'கண்ணன் என் கவி' என்ற நூலாக 1937இல் வந்தன. பாரதி ஏன் மகாகவி என்பதற்கு பாரதியின் பாடல்களுக்குள்ளேயே போய்க் காரணம் தேடிய புத்தகம் அது. பாரதி இலக்கிய விமர்சனத்தின் ஆரம்பங்களில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். "எங்க ஆளுதான் பெரிய ஆளு" என்று தொடங்கிய பேச்சு, "ஏன் பெரிய ஆள்" என்று விளக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. எதிரில் கல்கி என்ற ஒருவர் மறுத்துப் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகத்துக்குத் தேவையே வந்திருக்காது.

இதைவிட ருசியான பகுதி பிறகு வருகிறது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் அவருக்கு ஒரு நினைவு மணிமண்டபம் வேண்டும் என்று தம் பத்திரிகையின் மூலம் வாசகர்களிடம் நிதி திரட்டியவர் யார்? அதே கல்கிதான். 1945இல் அடிக்கல் நாட்டி, 1947இல் திறந்தார்கள். பாரதியை மறுத்தவர் என்று கல்கியை ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டியவர்கள் அப்போது என்ன செய்தார்களோ! ஒருவருடைய அபிப்பிராயத்தோடு சண்டை போடலாம், ஆனால் அந்த அபிப்பிராயத்தையே அவருடைய ஜாதிப் பெயர் மாதிரி நெற்றியில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சண்டையில்லாமல் நட்பாகவே நடந்த பேச்சுக்கும் உதாரணம் உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் இருவருக்கும் அதுதான் ஊர். ஏறக்குறைய ஒரே வயது. சின்ன வயதிலிருந்தே ஒன்றாகப் படித்ததைப் பேசி, ஒன்றாகச் சங்கீதம் கேட்டு, ஒன்றாக டி.கே.சி.யிடம் மனதைப் பறிகொடுத்தவர்கள். அழகிரிசாமி ஊரைவிட்டுப் போன பிறகு பேச்சு கடிதமாக மாறியது. அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனி நூலாகவே வந்திருக்கின்றன. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970ஆம் ஆண்டுக்கும், கி.ரா.வுக்கு 1991ஆம் ஆண்டுக்கும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஒரு சிறு கிராமத்துக்கு இரண்டு அகாதமி விருது! அதற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். திறமை தனி விஷயம். ஆனால் பேச ஆள் இல்லாமல் போயிருந்தால் கரிசல் காட்டில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி.ரா. நாற்பதை நெருங்கும் வயதில் பேனாவைக் கையில் எடுத்திருப்பாரா என்பது யோசிக்க வேண்டியது.

க.நா. சுப்ரமண்யம் தமிழ் நூல்களை அறிமுகம் செய்து எழுதிய புத்தகத்துக்கு 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயர் வைத்தார். "பிடித்தவர் யார்" என்பதைவிட இது நல்ல கேள்வி. இல்லை என்று சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. அடுத்த நிமிடமே "அப்ப இந்தா, படிச்சுப் பாரு" என்று புத்தகம் கைக்கு வரும். அதே க.நா.சு. சிறந்த எழுத்தாளர்கள் என்று போட்ட பட்டியல்கள் வேறு கதை. அவற்றால் அவருக்குக் கிடைத்த எதிரிகள் கொஞ்சநஞ்சமல்ல. பட்டியலில் இல்லாதவர்களின் வாசகர்கள் எல்லோரும் தங்களையே யாரோ வெளியே தள்ளிவிட்டது போலக் கோபப்பட்டார்கள். பட்டியல் ஒரு வழிகாட்டியாக இருக்கும்வரை பயன் உண்டு. அதையே அனுமதிச்சீட்டாக ஆக்கினால் வாசலில் நிற்பவர் திரும்பிப் போய்விடுவார்.

வணிகவியல் மாணவர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு சங்கதியும் இருக்கிறது. தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் 'வாசகர் வட்டம்' என்று ஒரு பதிப்பகம் நடத்தினார். வாசகர்களை முன்கூட்டியே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு அவர்களுக்காக நூல்களை வெளியிடுவது என்பது திட்டம். சா. கந்தசாமியின் 'சாயாவனம்', சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' எல்லாம் அப்படி வந்தவை. வாங்குகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு பொருளைத் தயாரிப்பது! லாபம் வந்திருக்குமா என்பது வேறு. அதன் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பழைய கதைகள் போதும். இன்று அப்படிப் பேசவே முடியாதா? முடியும். 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களாகப் படமாக வந்தபோது எல்லோரும் அதைப் பார்த்தார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தபோது பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த தாத்தா பாட்டிகளின் பைண்டு புத்தகங்கள் பரணிலிருந்து இறங்கின. கல்லூரி மாணவர்கள் ஐந்து பாகங்களையும் தோளில் சுமந்து திரிந்தார்கள். கல்கி பெரிய எழுத்தாளரா, ஜனரஞ்சக எழுத்தாளரா என்ற பழைய பஞ்சாயத்து ஒரு ஓரமாக நடந்தது. அதில் வழக்கம்போல ஒன்றும் விளையவில்லை.

ஆனால் இன்னொரு பேச்சும் நடந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி அந்த முடிச்சை முழுதாக அவிழ்க்காமலே விட்டிருப்பார். நந்தினியா, பழுவேட்டரையரா, பாண்டிய ஆபத்துதவிகளா என்று ஆளுக்கொரு அத்தியாயத்தைச் சாட்சிக்கு இழுத்தார்கள். படம் பார்த்தவன் ஒன்று சொல்ல, நாவல் படித்தவள் "புத்தகத்துல அப்படி இல்லையே" என்று மறுக்க, அவளை மறுப்பதற்காகவே அவன் போய் ஐந்தாம் பாகத்தைப் படித்தான். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி கோயிலில் உள்ள கல்வெட்டு, கரிகாலனைக் கொன்றதற்காகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் குடும்பச் சொத்துகள் மேல் ராஜராஜன் நடவடிக்கை எடுத்ததைச் சொல்கிறது என்று ஒருவர் எங்கிருந்தோ பிடித்து வந்து போட்டார். கதையில் வரும் ரவிதாசன் கல்லிலும் இருக்கிறானா! அதோடு அந்த மேஜையில் கேன்டீன் டீ ஆறிப்போனது. கணக்குப் பாடத்தில் அரியர் வைத்தவனும் தங்கப் பதக்கம் வாங்கப்போகிறவளும் சமமாக உட்கார்ந்து பேசிய பேச்சு அது. யாருக்கு யார் பிடிக்கும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இதற்கும் முதலில் சொன்ன கொய்லோ மேஜைக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்படை. இங்கே எல்லோருக்கும் நடுவில் ஒரு புத்தகம் திறந்து கிடந்தது. அங்கே பெயர்கள் மட்டும் கிடந்தன. திறந்த புத்தகத்தின் முன்னால் ரமணிசந்திரன் படிக்கிறவளும் தைரியமாக வாய் திறப்பாள். ஏனென்றால் அங்கே கேட்பது அவளுடைய தகுதியை அல்ல, அவள் படித்ததில் என்ன பார்த்தாள் என்பதை. அவளிடம் போய், "ரமணிசந்திரன் கதைகளில் எல்லாம் ஒரே மாதிரிதானே, பிறகு ஏன் இருபதாவது கதையையும் படிக்கிறாய்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டுப் பார்க்கலாம். (குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிப்படி அவளுக்கு ஐந்தாவதிலேயே அலுத்திருக்க வேண்டும். பொருளாதாரப் புத்தகம் எழுதியவர்கள் தொடர்கதை படித்ததில்லை போலும்.) அவள் சொல்லும் பதில் எந்த விமர்சகர் எழுதியதிலும் கிடைக்காது.

இடம்தான் ஒரு பிரச்சினை. படிக்கிறவர்கள் கூடும் ஒரே இடம் நூலகம். அங்கேதான் "அமைதி காக்கவும்" என்று பலகை தொங்குகிறது! தமிழ்நாட்டில் சொத்துவரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. பல கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஆண்டு விழா, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை என்று முடிந்துவிடுகிறது. சிறப்பு விருந்தினர் பேசுவார், வாசகர்கள் கேட்பார்கள். வாசகர் வட்டத்தில் வாசகர் பேசாமல் இருப்பதற்கு வட்டம் எதற்கு? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னாடைச் செலவும் இல்லாமல், ஒரே ஒரு சிறுகதையை எல்லோரும் முன்பே படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' மாதிரி ஒரு கதையை எடுத்தால் பத்துப் பேருக்கு ஒரு மாலைப்பொழுது தாங்கும். கல்லூரிகளிலும் காலி வகுப்பறைகளுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக இரவல் விஷயம். எழுத்தாளரைப் பற்றி ஒரு மணிநேரம் புகழ்ந்து பேசுகிறவர்கள் அவருடைய புத்தகத்தைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. இரவல் போன புத்தகம் திரும்புவதில்லை என்பது அனுபவ உண்மை. அதற்கும் கணக்குப் பாடத்திலேயே வழி இருக்கிறது. வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எந்த வியாபாரியும் கடனுக்குச் சரக்கு கொடுக்கிறார், கொடுக்காமல் இருப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு புத்தகம் போகும் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டு கொடுக்கலாம். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' மட்டும் இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது எப்படியும் திரும்பி வராது.